லிபுலேக் வழியை வியாபாரிகளுக்கும் திறந்துவிடுங்கள்

2024 செப்டம்பரில் சிதம்பரம் பக்கத்திலிருந்து உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில் இருக்கும் ஆதி கைலாசம் போன 30 பேர் நிலச்சரிவால் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டரில் மீட்டார்கள். பலருக்கும் நினைவிருக்கும். அப்போது அந்த மாவட்டத்தின் பேர் நம் செய்திகளிலும் அடிபட்டது. அங்கே யார் வாழ்கிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று, நான் பார்த்தவரை, யாரும் பேசவில்லை.

உத்தராகண்டின் கிழக்கு மூலை அது. வடக்கே திபெத், அங்கே ஏறிப்போகும் கணவாய்தான் லிபுலேக். கிழக்கே காளி ஆறு, அதைத் தாண்டினால் நேபாளம். இந்தக் கரையில் தார்ச்சுலா, எதிர்க்கரையில் தார்ச்சுலா என்றே இன்னொரு ஊர். நடுவில் தொங்குபாலம், இரண்டு பக்கமும் கொண்டான் கொடுத்தான் உறவு. 1960இல் அல்மோராவிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். இரண்டே வருடத்தில் சீனப் போர் வந்தது. திபெத் வழி அடைபட்டது.

மற்ற ஊருக்கு எல்லை மூடினால் அது செய்தி. இவர்களுக்கு அடுப்பு அணைந்த மாதிரி. தார்மா, வியாஸ், சௌதாஸ் பள்ளத்தாக்குகளின் ரங் மக்களும், ஜோஹார் பள்ளத்தாக்கின் சௌகா மக்களும் பரம்பரை வியாபாரிகள். கோடைக்கு மேலே இருக்கும் ஊர், குளிருக்குக் கீழே இன்னொரு ஊர். தானியமும் வெல்லமும் துணியும் திபெத்துக்கு ஏறும். உப்பும் கம்பளியும் வெண்காரமும் இறங்கும். செம்மறியும் வெள்ளாடும் முதுகின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கணவாய் ஏறும். வியாபாரிக்குத் திபெத்தில் நிரந்தரக் கூட்டாளி உண்டு. ஒப்பந்தம் பேசியதும் ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை வேறு யார் வந்தாலும் இரண்டு பாதியும் பொருந்தினால் போதும், சரக்கு கைமாறும்.

பிரிட்டிஷ் நில அளவைக்காகத் திபெத்தை ரகசியமாக அளந்த நைன் சிங் ராவத் இந்த மண்ணிலிருந்துதான் வந்தார். ஜோஹாரின் மிலம் ஊர்க்காரர். 108க்குப் பதில் 100 மணி கோத்த ஜபமாலையை உருட்டி, காலடிகளை எண்ணியபடியே 1866இல் லாசா போய்ச் சேர்ந்து, அதன் உயரத்தையும் இருப்பிடத்தையும் கணக்கிட்டுச் சொன்ன மனிதர். அந்த மிலம் இன்று பெரும்பாலும் கூரையில்லாத கல்வீடுகள். வியாபாரம் போனது, சனமும் போய்விட்டது.

1992இல் லிபுலேக் வழியாக வியாபாரம் திரும்பத் தொடங்கியது. சில வகைச் சரக்குக்கு மட்டும், கோடை மாதங்களில் மட்டும். 2020இல் கொரோனாவோடு அதுவும் நின்றது. 2019 சீசனில் திபெத் பக்கச் சந்தை ஊரான தக்லாகோட்டின் கிடங்குகளில் விட்டுவந்த சரக்கை எடுக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. அதே 2020 மே மாதம் லிபுலேக் சாலையைத் திறந்தோம். காளி ஆற்றை எல்லையாக்கிய 1816 சுகௌலி ஒப்பந்தத்திலிருந்தே, அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று தொடரும் சிக்கலால் நேபாளம் எதிர்த்தது, புது வரைபடமே வெளியிட்டது. அந்தக் கோபத்தை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. தொங்குபாலம் சாத்தப்பட்டால் முதலில் அடிபடுவது இரு கரைக் குடும்பங்கள்தான்.

2025இல் திபெத்தில் இருக்கும் கைலாச மலைக்கான யாத்திரை மீண்டும் தொடங்கியது. வியாபாரத்தையும் திறப்பதாக ஆகஸ்ட் மாதம் இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்டன. திறந்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. பழைய சரக்குப் பட்டியலை விரிக்க வேண்டும். லிபுலேக் போகும் வழியில் நம் பக்கத்து ஊரான குஞ்சியில் சுங்கமும் வங்கியும் கிடங்கும் சீசன் முழுக்க இயங்க வேண்டும். பாதுகாப்புக்கு ஆபத்து என்பவர்கள், ஆள் இல்லாத எல்லைக் கிராமம் யாருக்குப் பாதுகாப்பு என்று சொல்லட்டும். ராணுவ வண்டியும் யாத்ரீகர் வண்டியும் போகிற சாலையில் சரக்கு வண்டிக்கும் இடம் இருக்கிறது. முதல் அனுமதிச் சீட்டு, தக்லாகோட்டில் சரக்கை விட்டுவந்த அந்த வியாபாரிகளுக்குத்தான் போக வேண்டும்.