கல இறப்பைத் தடுத்தால் என்பு வலுக்குமா?

"கல இறப்பைத் தடுத்து என்பை வலுப்படுத்தும்" என்ற விளம்பர வரி வெள்ளவத்தைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. கூடவே ஒரு மாப்பேணியின் படம். ஐம்பதைத் தாண்டிய அன்ரிமாரைக் குறிவைத்து வருவதால்தான் எனக்குக் கோபம். அந்த வயதில் என்பு தேய்வது உண்மை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் அரைகுறை.

கலங்களைத் திட்டமிட்டபடி இறக்கச் செய்யும் நொதியங்களில் முக்கியமானவை கஸ்பேஸ்கள். கருவில் விரல்களுக்கு இடையே இருக்கும் சவ்வு மறைவதும் இத்தகைய கல இறப்பால்தான். சிறு புழுவொன்றில் உருவாகும் 1090 உடற்கலங்களில் 131 கலங்கள் ஒவ்வொரு தடவையும் தவறாமல் இறக்கின்றன. அந்தப் புழுவை ஆராய்ந்தவர்களுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. சரி, கஸ்பேஸ் கொலைகாரன்தான் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கொலைகாரனை அகற்றினால் என்பு தடிக்க வேண்டுமல்லவா? 2004இல் வெளிவந்த சுண்டெலி ஆய்வொன்றில் நேர்மாறாக நடந்தது. கஸ்பேஸ்களில் ஒன்றான கஸ்பேஸ் 3 இல்லாத எலிகளில் என்பாக்கம் தாமதமானது, என்பின் கனிப்பொருள் அடர்த்தியும் குறைந்தது. என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்கள் என்பு கட்டும் கலங்களாக முதிர்வதற்கு அதே நொதியம் தேவைப்பட்டிருக்கிறது. சாகடிக்க வந்தது வளர்க்கவும் செய்கிறது. தசைக் கலங்கள் முதிர்வதிலும் அதற்குப் பங்குண்டு. இன்னொன்று: சூலகம் நீக்கப்பட்ட எலிகள், மாதவிடாய் நின்ற பெண்களின் நிலைக்கு ஒப்பானவை. அவற்றுக்குக் கஸ்பேஸ் 3ஐ முடக்கும் பொருளைக் கொடுத்தபோது என்பிழப்பு இன்னும் விரைவாகியது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அன்ரிமார் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கவேண்டும்.

மாதவிடாய் நின்றபின் நடப்பதையும் பாருங்கள். என்பை அரிக்கும் கலங்கள் உரிய காலத்தில் இறப்பதற்கு ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் உதவுகிறது. அது குறைந்ததும் அவை கூடிய காலம் உயிரோடிருந்து அரித்துக்கொண்டே போகின்றன. என்புத் தேய்வுக்கு வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் அலென்ட்ரோனேட் குளிசை அந்தக் கலங்களை முடக்கி இறப்பை நோக்கித் தள்ளுகிறது. ஆக, வைத்தியர் தரும் மருந்து கல இறப்பைத் தூண்டுகிறது. மாப்பேணிக்காரர் அதைத் தடுப்பாராம்!

ஸ்டீரொய்ட் மருந்தை நீண்டகாலம் எடுப்பவர்களின் கதை வேறு. அவர்களில் என்பு கட்டும் கலங்களே கூடுதலாக இறக்கின்றன, அந்த இறப்பு கேடுதான். எந்தக் கலம், எப்போது இறக்கிறது என்று சொல்லாமல் "கல இறப்பு" என்று பொதுவாகப் பயமுறுத்துவது வியாபாரம்.

அந்த மாவில் கஸ்பேஸைத் தொடக்கூடிய ஏதாவது இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். ஒன்றும் இல்லையென்றால் நட்டம் பணத்தோடு போகும். ஆனால் இதை நம்பி வைத்தியர் தந்த குளிசையை நிறுத்துபவர்களும் இருப்பார்கள். அன்ரி, நிறுத்துவதற்கு முன் அந்த வைத்தியரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். என்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.