வூர்ட்ஸ்புர்க் ஆயர் மாளிகை: ஓவியத்தைச் சுமக்கும் கூரை

ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரிலுள்ள பழைய ஆயர் மாளிகையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் படிக்கட்டு மண்டபத்தில் இத்தாலிய ஓவியர் தியேப்போலோ நான்கு கண்டங்களையும் தீட்டிய விதான ஓவியத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ஓவியத்தின் மேன்மையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனாலும் முதல் வணக்கம் அதைச் சுமந்து நிற்கும் வளைவுக் கூரைக்கும், அதைக் கட்டிய பால்தசார் நொய்மானுக்குமே உரியது என்பது என் உறுதியான கருத்து.

அக்காலத்தில் அந்நகரின் ஆயரே அப்பகுதியை ஆளும் அரசராகவும் இருந்தார். மலைமேல் இருந்த மரியன்பெர்க் கோட்டையை விட்டு நகருக்குள் குடியேற விரும்பிய ஆயர் யோஹான் பிலிப் பிரான்ஸ் ஃபான் ஷோன்போர்ன், 1720ஆம் ஆண்டில் இம்மாளிகையின் பணியைத் தொடங்கினார். வியன்னாவிலும் பாரிஸிலும் புகழ்பெற்றிருந்த கட்டடக் கலைஞர்களிடம் யோசனை கேட்கப்பட்டாலும், பொறுப்பு முழுவதும் வந்து சேர்ந்தது, மணியும் பீரங்கியும் வார்க்கும் தொழிலைக் கற்றுப் பின்னர் ராணுவப் பொறியாளரான நொய்மானிடம்தான்.

அவர் எழுப்பிய படிக்கட்டு மண்டபத்தின் கூரை சுமார் 18 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்டது. நடுவில் அதைத் தாங்க ஒரு தூண்கூட இல்லை. இவ்வளவு பெரிய வளைவு தன் எடையால் பக்கச் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும் என்பதால், துளைகள் நிறைந்த எடை குறைந்த கல்லை நொய்மான் பயன்படுத்தினார். அந்த மண்டபத்தில் ஏறுகிறவருக்கு விதானம் ஒரே பார்வையில் அகப்படுவதில்லை. முதல் படிவரிசையில் ஏறும்போது எதிரே அமெரிக்கா தெரிகிறது. இடைத்தளத்தில் திரும்பி மேலே ஏற ஏற, ஆசியாவும் ஆப்பிரிக்காவும் இருபுறமும் விரிய, எதிரே ஐரோப்பா எழுகிறது. நான்கு கண்டங்களையும் நாம் ஏறும் வேகத்துக்கு ஏற்ப வரிசையாகக் காட்டுவது நொய்மானின் படிகளே அல்லவா?

1945ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் இரவு, குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோது மாளிகையின் மரக்கூரைகள் தீக்கிரையாயின. புகழ்பெற்ற கண்ணாடி அறையும் அழிந்தது. அந்த அறையைப் பிற்காலத்தில் பெரும் உழைப்பில் மீண்டும் உருவாக்கினார்கள். அது சரியான முடிவென்றே நான் கருதுகிறேன். ஆனால் படிக்கட்டு மண்டபத்தின் கல் வளைவு, மேலிருந்த கூரை எரிந்து விழுந்த பின்னும் இடியாமல் நின்றது. மழைநீர் உள்ளே ஊறி ஓவியத்தைக் கெடுத்துவிடாமல் இருக்க, ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரி மரங்களைத் தேடிப் பிடித்துத் தற்காலிகக் கூரை அமைத்தார். அவருடைய அக்கறை போற்றத்தக்கது. எனினும் அவர் காப்பாற்றுவதற்கு ஓவியம் எஞ்சியிருந்ததே நொய்மானின் கல்வேலையால்தான்.

இதைத் தியேப்போலோ அன்றே உணர்ந்திருந்தார் என்று நம்புகிறேன். ஐரோப்பாவைத் தீட்டிய பக்கத்தில், கீழ் விளிம்பை ஒட்டி, கண்ணில் படும் இடத்திலேயே, ராணுவ உடையணிந்த நொய்மான் பீரங்கி ஒன்றின்மேல் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். அந்த ஓவியம் நிறைவுற்ற 1753ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.