பார்க்க வந்தவரும் மாட்டிக்கொண்டவரும்

விடுமுறைக் காலம் வந்தால் கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் வான்கள் கூடிவிடும். வெள்ளைக்காரர், தெற்கில் இருந்து வருகிறவர்கள், எங்கள் சுவிஸ், லண்டன், கனடாப் பிள்ளைகள் என்று எல்லோரும் முறிகண்டியில் இறங்குவார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதைப் படம் எடுத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு போவார்கள். இரண்டு நாளில் முகநூலில், கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் அடங்கிய எங்கள் வன்னியைப் பற்றி நீண்ட பதிவு வரும். எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை, கச்சான் விற்கிற அக்காமாருக்கு வியாபாரம் நடக்கிறது. ஆனால் இவ்வளவு சுகமாக ஒரு இடம் விளங்கிவிடுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

என்னுடைய வாதம் இதுதான்: ஒரு ஊரில் உங்களுக்கு ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், காட்டுவதற்கென்று வைத்ததை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள்.

2009இல் போர் முடிந்த கையோடு தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கி, புதுக்குடியிருப்புப் பக்கம் நிலத்துக்கடியில் இருந்த புலிகளின் தலைவருடைய பங்கர் (2013இல் இராணுவமே அதைத் தகர்த்துவிட்டது), ஆனையிறவு நினைவுச்சின்னம், அப்புறம் திரும்பிப் போக வேண்டியதுதான். நீர்த்தாங்கிக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்தார்கள். அது விழுந்த பிறகு இந்தச் சனம் எங்கே தண்ணீர் அள்ளியது என்று கேட்ட ஒருவரை நான் காணவில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கேட்கிற தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இருட்டுவதற்குள் அனுராதபுரம் போய்ச் சேர வேண்டும்.

வருகிற மாதமும் ஒரு விஷயம். ஆவணியில் வருகிறவருக்குப் புழுதியும் காய்ந்த பற்றையும்தான் வன்னி. மார்கழியில் குளங்கள் நிரம்பி வான் பாயும்போது வந்தால் வேறு இடம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. அந்த மாதத்தில் சுற்றுலாவுக்கு யார் வருகிறார்கள்?

உண்மையாகவே விளங்க வேண்டும் என்கிறவருக்கு நான் ஒரு இடம் சொல்லுவேன். காலபோக (மாரிக்கால நெல்) விதைப்புக்குக் கொஞ்சம் முன்னால், வங்கியில் நகை அடைவு வைக்கிற பக்கம் போய் ஒரு காலை முழுக்க இருங்கள். காப்பு, சங்கிலி, பிள்ளையின் தோடு எல்லாம் கைக்குட்டையில் முடிந்து வரும். அலுவலர் கல்லில் உரசி, தராசில் போட்டு, ஒரு தொகை சொல்லுவார். உழவுக்கூலி, விதைநெல், பசளை, மருந்து என்று அந்தக் காசு வீட்டுக்குப் போகுமுன்பே பங்கு போட்டாயிற்று. பிறகு அறுவடை முடிந்து, பங்குனி மட்டில் அதே இடத்துக்குப் போங்கள். மீட்க வந்தவர்கள் கூடவா, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்க வந்தவர்கள் கூடவா என்று பாருங்கள். அந்த வருட மழை, நெல்லின் விலை, கொழும்பில் எடுத்த முடிவு எல்லாம் அந்த வரிசையில் தெரியும். 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று நிறுத்தினார்களே, அந்தப் போகத்துக்கு வைத்த எங்கள் வீட்டுக் காப்பு அடுத்த போகம் வரைக்கும் வங்கியில்தான் கிடந்தது.

வெளிநாட்டவரை மட்டும் சொல்லவில்லை. பக்கத்து யாழ்ப்பாணத்தவர்களுக்கே நாங்கள் விளங்கவில்லை என்பதை கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் பார்த்தோம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் மறித்தார்கள். "தண்ணிக்குக் கூடவா கஞ்சத்தனம்?" என்று அங்கே கேட்டவர்கள் உண்டு. வெயில்காலச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் மல்லுக்கட்டிப் பங்கு வாங்கியவருக்குத்தான் அந்தக் குளத்தின் ஒவ்வொரு அடியும் என்ன பெறுமதி என்று தெரியும். கடைசியில் யாழ்ப்பாணக் கடற்கரையில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது வேறு கதை.

றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை எடுங்கள். 1660இல் கண்டி அரசன் பிடித்து வைத்த ஆள். 1679இல் தப்பி, காட்டுக்குள்ளால் அருவியாற்றங்கரை வழியே மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதி வைத்ததை இன்றும் வரலாற்றுக்காரர் புரட்டுகிறார்கள். ஏன்? சிறைப்பட்ட காலத்தில் மனுஷன் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், கொடுத்ததை வாங்க அலைந்தார். கடன்காரன் வாசலில் நின்றவனுக்கு அந்த நாட்டின் சட்டமும் தெரியும், சாக்குப்போக்கும் தெரியும். இந்தப் பாதையைக்கூட வடக்கே சாமான் விற்கப் போய்ப் போய்த்தான் கண்டுபிடித்தார்.

அப்படியென்றால் நீண்ட காலம் இருந்தால் போதுமா? போதாது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் இருந்த உதவிப் பணியாளர்களில் நல்லவர்கள் நிறையப் பேர். சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிட்டார்கள், எங்கள் கலியாண வீடுகளுக்கு வந்தார்கள். 2008 செப்டெம்பரில் போர் மறுபடி நெருங்கியபோது அரசு அவர்களை வெளியேறச் சொன்னது. போகாதீர்கள் என்று சனம் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று கெஞ்சியது. வாகனங்கள் இராணுவத்தின் பக்கம் இருந்த ஓமந்தைக்குப் போய்விட்டன. அந்தத் தனி மனிதர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களில் பலருக்கும் அது பெரிய வேதனை. ஆனாலும் எழும்பிப் போகக்கூடியவர் பார்த்த வன்னியும், பதுங்குகுழிக்குத் தடி வெட்டப் போனவர் பார்த்த வன்னியும் அன்றோடு வேறு வேறாகிவிட்டன.

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. சூரிச்சில் இருக்கிற என் பெரியம்மாவின் மகன் நெடுங்காலம் உணவகத்தில் கோப்பை கழுவியவர். பனிமலை பார்க்கப் போக அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆனால் குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும், மாடிக் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை எந்த நாள் யாருக்கு, ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தால் என்ன நடக்கும் என்று எல்லாம் தெரியும். அப்படி இருந்தும் "அவங்களை எனக்கு விளங்காதடா" என்றுதான் சொல்லுவார். குடியுரிமை கிடைத்து வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு ஆள் மாறிவிட்டார். 2024 மார்ச்சில் முதியோருக்குப் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியம் கொடுப்பதா என்று அங்கே வாக்கெடுப்பு. நான் நெல் விலை சொல்லத் தொலைபேசியில் எடுத்தால், அண்ணா அந்தக் காசை எங்கிருந்து எடுப்பார்கள், யாருடைய சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.