குடுமியையும் சேர்த்தா உயரம் அளப்பீங்க?

இன்னிக்குப் போன தீம் பார்க்குல, என் பொண்ணு உச்சந்தலையில நிக்கிற குடுமியையும் சேர்த்து உயரம் அளந்து டிக்கெட் போட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்தாச்சு, பிள்ளைங்களும் தூங்கியாச்சு, எனக்கு இன்னும் வயிறு எரியுது. கொட்டித் தீர்க்காம தூக்கம் வராது.

வெள்ளி ஆகஸ்ட் 15, சனி கிருஷ்ண ஜெயந்தி, அடுத்து ஞாயிறு. சேர்ந்தாப்ல மூணு நாள் லீவு வந்தா சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். "குழந்தைங்களை எங்கயும் கூட்டிட்டுப் போகலையா?" ஆபீஸ்ல கேக்கிறாங்க, மாடி வீட்டுல கேக்கிறாங்க, ஊர்லேருந்து போன் பண்ணிக் கேக்கிறாங்க. கேக்கிறவங்க ஒருத்தராவது வந்து கைக்குழந்தையைத் தூக்கிட்டு வரிசையில நின்னிருக்காங்களா?

எங்கதான் போறது, சொல்லுங்க. ஊட்டி, கொடைக்கானல்னா 2024 மே மாசத்துலேருந்து இ-பாஸ் எடுக்கணும். அதையாவது எடுத்துடலாம், ரயில் டிக்கெட்? 60 நாளைக்கு முன்னாடி திறக்கிறாங்க. ஆகஸ்ட் பாதியில பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா வராதான்னு ஜூன் பாதியிலேயே முடிவு பண்ணி, காலையில எட்டு மணிக்கு போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காரணும். ஊர், தேதி, பேர், வயசுன்னு தட்டி முடிக்கிறதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட். பஸ்ல போகலாம்னா கிளாம்பாக்கம் போய்ச் சேர்றதுக்குள்ளயே பிள்ளைங்க ஓய்ஞ்சு போயிடுது. வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர், இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு நடந்து தீராது. மாமல்லபுரத்துல பெரியவங்களுக்கு 40 ரூபாய்தான், 15 வயசுக்குக் கீழ காசே கிடையாது. ஆனா ஐந்து ரதம் நிக்கிற அந்த மணல்ல, மத்தியான வெயில்ல, மூணு வயசுப் பிள்ளையை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடியும்?

அதனாலதான் இந்த தீம் பார்க். பேரைச் சொல்லப் போறதில்லை. "குடும்பத்தோடு குதூகலம்"னு வழி நெடுக பேனர். பேனர்ல அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, ரெண்டு குட்டிப் பிள்ளைங்க, எல்லாரும் வாயெல்லாம் பல். ஜி.எஸ்.டி. ரோட்டுல வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்றதுக்குள்ள பெரியவ ரெண்டு தரம் "வந்துருச்சா?"ன்னு அழுதுட்டா. அதைக்கூட விடுங்க.

வாசல்ல சுவத்துல ஒரு ஒட்டகச்சிவிங்கி படம், அதோட கழுத்துல கோடு. 90 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா இலவசம். அதுக்கு மேல 140 வரைக்கும் குழந்தை டிக்கெட். என் பொண்ணுக்கு இப்பதான் மூணு முடிஞ்சது. எங்க வீட்டுல எல்லாருமே குட்டை, அவளும் அப்படித்தான். போன மாசம் ஊசி போடப் போனப்ப டாக்டர் நிக்க வெச்சு அளந்து அட்டையில எழுதியிருக்கார், 88. அந்த அட்டை என் பையிலயே இருக்கு.

அங்க நின்ன பையன் "நேரா நில்லு பாப்பா"ங்கிறான். அவ கால்ல அடிப்பாகம் தடிமனா இருக்கிற, நடந்தா லைட் எரியிற ஷூ. தலையில அத்தை ஆசை ஆசையா ரப்பர் பேண்ட் போட்டு நிமிர்த்திக் கட்டிவிட்ட குடுமி. அந்தப் பையன் ஸ்கேலை எடுத்தான். குடுமிக்கு மேல வெச்சான். குடுமி மடங்கக்கூட இல்லை, அவ்வளவு பதமா வெச்சான். "தொண்ணூத்தி மூணு மேடம். டிக்கெட் எடுத்துட்டு வாங்க."

"தம்பி, அது முடிப்பா."

"தலைமேல இருக்கிறதெல்லாம் உயரம்தான் மேடம்."

இந்தப் பதிலை எனக்கு மறக்கவே முடியலை. சரி, குடுமியை அவுத்துடறேன்னு ரப்பர் பேண்டை இழுத்தா, பிள்ளை வலிக்குதுன்னு வீறிட்டு அழுவுது. ஷூவைக் கழட்டறேன், திரும்ப அளங்கன்னா, "ஒரு தடவை அளந்தா அளந்ததுதான், சிஸ்டத்துல போட்டாச்சு"ங்கிறான். சூப்பர்வைசரைக் கூப்பிடுன்னேன். வாக்கி டாக்கியோட ஒருத்தர் வந்தார். டாக்டர் அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் போலியோ சொட்டு மருந்து தேதியையெல்லாம் படிச்சார். "இது டாக்டர் அளவு மேடம். இங்க எங்க அளவுதான்." சென்டிமீட்டர் கூடவா டாக்டருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு?

பின்னாடி வரிசையில நின்னவர், அவரும் தோள்ல ஒரு பிள்ளையோட நிக்கிறவர்தான், "ஏங்க, எடுத்துட்டுப் போங்களேன், வெயில்ல நிக்கிறோம்"ங்கிறார். எங்க வீட்டுக்காரர் "விடும்மா, போனாப் போகுது"ங்கிறார். போனாப் போகுதுன்னு விட்டு விட்டுத்தானே இவங்க இந்த அளவுக்கு வந்திருக்காங்க? காசைக் கட்டினோம்.

இதோட முடிஞ்சிருந்தா இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். உள்ள போனதும் பெரியவ கண்ணுக்கு முதல்ல பட்டது குட்டி ரயில். யானை முகம் வெச்ச இன்ஜின், நாலு பெட்டி, ஒரு வட்டம் சுத்தி வரும், அவ்வளவுதான். ஓடிப்போய் வரிசையில நின்னுட்டா. ரொம்ப நேரம் நின்னு எங்க முறை வருது, அங்கயும் ஒரு ஸ்கேல். அந்த ஆள் முதல்ல "ஷூவைக் கழட்டுங்க"ன்னார். கழட்டினேன். அப்புறம் உள்ளங்கையை விரிச்சு அந்தக் குடுமியை மண்டையோட மண்டையா அமுக்கினார். குனிஞ்சு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எண்பத்தெட்டு. தொண்ணூறு இருந்தாத்தான் ஏத்துவோம்."

அத்தை இதுவரைக்கும் வெளியில யார்கிட்டயும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. "காசு வாங்கறப்போ தொண்ணூத்தி மூணு, ரயில்ல ஏத்தறப்போ எண்பத்தெட்டா? நடுவுல அஞ்சு சென்டிமீட்டர் எங்கப்பா போச்சு?" அந்த ஆள்கிட்ட பதில் இல்லை. "சேஃப்டி ரூல்ஸ்மா." பாதுகாப்புக்கு உயரம் பார்க்கணும், அதை யார் வேண்டாம்னது? பட்டை சரியா பிடிக்காத பிள்ளையை ஏத்தக் கூடாதுதான். ஆனா ஏத்த முடியாத பிள்ளைக்கு எந்தக் கணக்குல டிக்கெட் வாங்கினீங்க? பொண்ணு என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு "நான் வளரலையாம்மா?"ன்னு கேக்கிறா. இப்ப நினைச்சாலும் தொண்டை அடைக்குது.

பெரிய பிள்ளைங்களுக்கும் விடிவு கிடையாது. நாலு வயசுப் பொண்ணோட சராசரி உயரமே 103 சென்டிமீட்டர் பக்கம். உள்ள பாதி ராட்டினத்துல 120 இருந்தாத்தான் ஏத்துவாங்க. அதுக்கு ஆறு ஏழு வயசு ஆகணும். அத்தனை வருஷமும் பிள்ளைங்க டிக்கெட் எடுத்துட்டு உள்ள போய் வேலி ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கணும்.

நம்ம அரசு பஸ்ஸைப் பாருங்க. அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு 2022-ல அறிவிச்சாங்க. ரயில்லயும் அஞ்சு வயசுக்குள்ள இருந்தா, தனி பெர்த் கேக்காத வரைக்கும் காசு இல்லை. வயசைச் சொன்னா நம்பறாங்க, சந்தேகம் வந்தா ஆதாரைக் கேக்கிறாங்க. எந்தக் கண்டக்டராவது குடுமியை அளந்து டிக்கெட் கிழிச்சிருக்காரா?

சாப்பாட்டுப் பஞ்சாயத்தையும் சொல்லிடறேன். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லைன்னு இட்லி டப்பாவையும் தயிர் சாதத்தையும் வாசல்லயே வாங்கி வெச்சுக்கிட்டு டோக்கன் குடுத்தாங்க. சின்னவனுக்கு ஒன்பது மாசம். அவனுக்கு ஃப்ளாஸ்க்ல ராகிக் கஞ்சி. அதைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "பால் பாட்டில் மட்டும்தான்மா அலவ்டு"ங்கிறாங்க அந்த செக்யூரிட்டி அம்மா. ஒன்பது மாசக் குழந்தைக்கு உள்ள என்ன வாங்கித் தரணும்? உள்ள விக்கிறது ஃப்ரைட் ரைஸும் சிப்ஸும் கோலாவும். கெஞ்சித்தான் அந்தக் கஞ்சியை உள்ள கொண்டு போனேன். என் பிள்ளைக்கு என் வீட்டுக் கஞ்சியைக் குடுக்க நான் கெஞ்சணும். சாயங்காலம் டோக்கனைக் குடுத்து டப்பாவை வாங்கினா தயிர் சாதம் புளிச்சுப் பொங்கியிருந்தது, குப்பையில கொட்டினேன்.

தண்ணியில இறங்கலாம்னா காட்டன் துணி கூடாது, நைலான்தான் போடணும். முட்டி அளவு தண்ணிகூட இல்லாத பேபி பூலுக்கும் அதே சட்டம். அங்கயே வாங்கினோம். ஒரு தடவை நனைஞ்சதுக்கே தையல் விட்டுருச்சு.

சின்னவன் பாலுக்கு அழ ஆரம்பிச்சான். எங்கங்க உக்காந்து குடுக்கிறது? கேட்டேன். முதலுதவி அறைக்குப் போகச் சொன்னாங்க, அது பூட்டியிருக்கு. அடுத்தவர் லாக்கர் ரூமைக் காட்டினார், ஈரத் துணியோட ஆளுங்க போறதும் வர்றதுமா நிக்க இடமில்லை. கடைசியில அத்தை துண்டை விரிச்சு மறைப்பாப் பிடிச்சுக்கிட்டு நிக்க, ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னாடி காலி கிரேட் மேல உக்காந்து குடுத்தேன். 2015-லயே பஸ் ஸ்டாண்டுல தாய்ப்பால் ஊட்ட தனி அறை திறந்த மாநிலம் இது. பஸ் ஸ்டாண்டுல இருக்கணும்னு தோணினது, தலைக்கு ஆயிரத்துச் சொச்சம் வாங்கற இடத்துல தோணலை. பேனர்ல மட்டும் குட்டிப் பாப்பா சிரிக்குது.

வர்ற வழியெல்லாம் நான் பேசவே இல்லை. வீட்டுக்காரர்தான் கடைசியில மெதுவா, "அந்த ஸ்கேலை வாசல்லேருந்து ரயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா ஏத்தியிருப்பான்ல?"ன்னார். அத்தைக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவங்க சிரிக்கவும் எனக்கும் அடக்க முடியலை, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல புகார் குடுக்கத் தேவையான டிக்கெட், டாக்டர் அட்டை எல்லாம் எடுத்து வெச்சாச்சு.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே ப்ரீ கேஜி வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ். நாளைக்கு "கிரீன் டே"வாம். பிள்ளைங்க தலையிலேருந்து கால் வரைக்கும் பச்சையில வரணுமாம், ஆளுக்கொரு பச்சைக் காயும் கொண்டு வரணுமாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்குச் சொல்றீங்களே மிஸ், மூணு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க? இந்த நேரத்துக்கு எந்தக் கடையில பச்சை ஃபிராக் கிடைக்கும்? பச்சை வளையல் எங்க கிடைக்கும்? ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தா கேரட்டும் பீட்ரூட்டும்தான் இருக்கு!