ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை, சரி, மற்றதெல்லாம்?
பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க ஆசைப்பட்டால் பெற்றோர் குறுக்கே நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள், பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. பிளஸ் டூ முடித்த என் அண்ணன் மகளும் ஜெர்மனிக்குத்தான் போவேன், அங்கே ஃபீஸே கிடையாது என்று வீட்டில் ஒரே சண்டை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லைதான், ஆனால் விசாவுக்கே ஒரு வருஷச் செலவுக்கென்று 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு அளவுக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும். அதோடு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறாமல், வெறும் பிளஸ் டூ மார்க்கை வைத்து அங்கே நேராக டிகிரியில் சேர முடியாது. அண்ணன் இதையெல்லாம் விசாரிக்கவே இல்லை, "பொம்பளைப் பிள்ளை, தனியா எப்படி" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார் (பையனாக இருந்தால் இந்நேரம் லோனுக்கு அலைந்திருப்பார்). இங்கே ஒரு வருஷம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே ஜெர்மனும் கற்றுக்கொள், அப்புறம் அந்த ஒரு வருஷப் படிப்பை வைத்து அப்ளை பண்ணலாம் என்றேன், இரண்டு பேருமே என்னை முறைக்கிறார்கள்.