பாஸ் ரஷ்ஷர் முதல் சுற்றில் மட்டும்தான் கிடைப்பாரா?
அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்டைப் பற்றிய கட்டுரை இது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் போலவே, அவரை விரட்டிச் சாய்க்கும் நல்ல பாஸ் ரஷ்ஷரும் முதல் சுற்றோடு தீர்ந்துவிடுவார் என்று கட்டுரை அடித்துச் சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. 2008 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலை, அதாவது லீக்கின் இறுதிப்போட்டியை, நினைத்துப் பாருங்கள். அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பேட்ரியாட்ஸை ஜயண்ட்ஸ் 17-14 என்று கவிழ்த்தது. பேட்ரியாட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ஐந்து முறை தரையில் விழுந்தார். அவரை விரட்டிய ஜயண்ட்ஸின் ஸ்ட்ரேஹனும் யுமென்யோராவும் டிராஃப்டில் இரண்டாம் சுற்று, ஜஸ்டின் டக் மூன்றாம் சுற்று. கடைசி அரை நிமிடத்தில் நடுவில் புகுந்து பிரேடியை முட்டிச் சாய்த்தாரே ஜே ஆல்ஃபர்ட், அவரும் மூன்றாம் சுற்றுதான், அதுவும் முதல் வருட ஆட்டக்காரர்! (நான் துள்ளியதில் காபி முழுக்கச் சட்டையில்.) குவார்ட்டர்பேக் விஷயத்தில் கட்டுரையோடு ஒத்துப்போகிறேன், அன்று ஜெயித்த ஜயண்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் 2004 டிராஃப்டின் முதல் தேர்வு. பிரேடி 199-ஆவதாகப் போனவர் என்பீர்கள், அது லாட்டரி. மேலே கருத்திட்ட ஒருவர் கட்டுரைக்கு ஆதரவாக பாஸ் ரஷ்ஷர் மைல்ஸ் காரெட்டைக் காட்டுகிறார். சரி, 2017-இல் அவரை முதலில் எடுத்தது சரியான முடிவு. ஆனால் அதே வருடம் மூன்றாவதாகப் போன இன்னொரு பாஸ் ரஷ்ஷர் சாலமன் தாமஸ்? நாலு பருவத்தோடு தன்னை எடுத்த ஃபார்ட்டி நைனர்ஸ் அணியை விட்டே போய்விட்டார். பேர்பெற்ற பாஸ் ரஷ்ஷர் மேக்ஸ் கிராஸ்பியோ 2019-இல் நாலாம் சுற்றுவரை காத்திருந்தார்.