ரோன்ஷாம் சிற்றாலயத்தின் கூரை காற்றில் மிதக்கிறதா?

"பிரான்சில் மலைமேல் 500 ஆண்டு பழமையான மாதா கோயில். கூரை சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. விஞ்ஞானிகளுக்கே புரியவில்லை" என்று படத்தோடு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் உண்மை, செய்தி தவறு.

அது ரோன்ஷாம் ஊரின் பூர்லெமோன் குன்றில் உள்ள நோத்ர் தாம் து ஓ சிற்றாலயம். அங்கே மாதாவைத் தேடி மக்கள் யாத்திரை வருவது பழைய வழக்கம்தான். ஆனால் முன்பிருந்த கோயில் 1944 போரில் சிதைந்தது. இப்போதைய கட்டடம் 1955-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் நம் சண்டிகரைத் திட்டமிட்ட அதே லெ கொர்பூசியே.

கூரைக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 10 செ.மீ. இடைவெளி இருப்பது மெய். கூரையைத் தாங்குபவை சுவருக்குள் மறைந்திருக்கும் கான்கிரீட் தூண்கள். கூரையும் கெட்டிப் பாறையல்ல. நடுவில் வெற்றிடம் விட்ட இரண்டு மெல்லிய கான்கிரீட் ஓடுகள். நண்டு ஓடு ஒன்றைப் பார்த்தே அந்த வடிவம் தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள அந்தக் கீற்று வழியே உள்ளே ஒளி கசியும்போது கனத்த கூரை எடையற்றதாகத் தெரிகிறது. என்னைக் கேட்டால், வியக்க வேண்டியது இந்தக் கலையைத்தான்.

கிழக்குச் சுவரின் கண்ணாடி மாடத்தில் பழைய மரச் சுரூபம் இருக்கிறது. வெளியே திருப்பலி நடக்கும் நாளில் மாதாவை மக்கள் பக்கம் திருப்பி வைக்கலாம்.

பாரிஸிலுள்ள லெ கொர்பூசியே அறக்கட்டளையின் வரைபடங்களிலும், 2016-இல் இதைச் சேர்த்த யுனெஸ்கோ பட்டியலிலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.